செருப்புக் கொட்டகையும் சகலையின் மைக்கும்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
20-1-1971

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் உமாபதி அவர்களுக்கு, மூத்த மாப்பிள்ளை அப்பாதுரை எழுதிக்கொண்டது. நானும் தங்கள் தங்கை கிருஷ்ணவேணியும் சுகம். தங்கள் மஞ்சள் காமாலை இறங்கிவிட்டதா? கீழாநெல்லியை நிறுத்த வேண்டாம். மேலே ‘மூத்த’ என்ற சொல்லை அடிக்கோடிட்டிருக்கிறேன், கவனிக்கவும்.

காஞ்சி வரதர் எழுந்தருளும் திருமுக்கூடல் பாரிவேட்டைத் திருவிழாவுக்கு நம் சேவா சங்கத்தார் லாரியில் போய்ச் சேர்ந்தோம். நீங்கள் படுத்த படுக்கையிலிருந்தே ஆளுக்கொரு வேலை சொல்லி அனுப்பியிருந்தீர்கள், சரி. ஆனால் உங்கள் சின்னத் தங்கை இந்திராணியைக் கட்டிய என் சகலை பூவராகவனுக்கு மைக்கில் அறிவிப்பு, எனக்குச் செருப்புக் கொட்டகையா? யார் கல்யாணம் முந்தி நடந்தது? அவனுக்கு நாற்காலி, கழுத்தில் துண்டு, தொண்டை கட்டிவிடுமென்று மிளகுப் பால். செருப்பு பார்ப்பவனுக்குத் தொண்டை எதற்கு என்று எனக்கு வெந்நீர்கூட வரவில்லை. போதாததற்கு கிருஷ்ணவேணியே வந்து, “இந்திராணி ஊட்டுக்காரரு கொரலு ஆத்துக்கு அந்தாண்ட வரைக்கும் கேக்குதுபா!” என்கிறாள். கட்டினவளே சொன்னால் வயிறு எரியாதா? எரிந்தது மச்சான், நன்றாகவே எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் தப்பு நடந்தது. ஜோடி கலையாமல் இருக்க, பையில் இருந்த கழிவுப் பட்டு நூலால் செருப்புகளை இரண்டிரண்டாகக் கட்டினேன். காது மைக்கில் இருந்ததால் கை தன் பழக்கத்துக்குத் தறியில் இழை அறுந்தால் போடுகிற முடிச்சையே போட்டுவிட்டது. அது அவிழ்கிற முடிச்சா? சாமி தரிசனம் முடிந்து ஜனம் திரும்பியதும் ஒரே களேபரம். “இன்னாபா, செருப்புக்குத் தாலி கட்டி வச்சிக்கிற? பிரியுமா பிரியாதா?” என்று ஒருவர் கேட்க, கொட்டகையே சிரித்தது. கத்தி கிடையாது. ஒவ்வொரு ஜோடியாக நகத்தாலும் பல்லாலும் நானே அவிழ்த்தேன். காத்திருந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து பொரி தின்றுகொண்டு, மகள் கல்யாணம், மாட்டுக்குக் கோமாரி என்று எல்லாக் கதையையும் என்னிடம் சொன்னார்கள். மைக்கில் சகலை கத்திக்கொண்டே இருந்தான், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

கடைசியாக மாகறலிலிருந்து வந்த செல்லியம்மாள் என்றொரு அம்மாள். களையெடுக்கிற கை, தேய்ந்த செருப்பு, வார் அறுந்து தொங்கியது. மீதி நூலை முறுக்கி, அதே முடிச்சைப் போட்டு வாரைப் பிணைத்துக் கொடுத்தேன். காலில் மாட்டிப் பார்த்துவிட்டு, “என் கல்யாணத்துக்கே பட்டு கட்டினதில்லபா நானு. இப்ப காலுல கட்டிக்கினு போறேன்!” என்று சிரித்தாள். எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. லாரியில் திரும்பும்போது எல்லாரும் இந்தக் கதையைத்தான் பேசினார்கள்.

இருந்தாலும் மரியாதை மரியாதைதான். வரும் வருஷம் மைக் எனக்கு. இல்லாவிட்டால் சங்கத்தில் என் பெயரை எடுத்துவிடவும். தங்கள் உடம்பு தேறி, உங்கள் வீட்டு அக்கா கையால் காரக்குழம்பு சாப்பிடும் நாள் சீக்கிரம் வர வரதரை வேண்டுகிறேன். பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
மூத்த மாப்பிள்ளை
அப்பாதுரை

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சகலை வந்தான். “அண்ணா, நாளெல்லாம் கத்தினேன், ஒருத்தர் மொகம்கூட ஞாபகத்துல இல்ல. வர்ற வருசம் செருப்புக் கொட்டாய நான் பாத்துக்கறேன், நீ மைக்க வச்சிக்கோ” என்கிறான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். மைக் அவனிடமே இருக்கட்டும், மிளகுப் பால் இரண்டு டம்ளராகக் கொடுங்கள். செருப்புப் பக்கம் மட்டும் அவனை விடாதீர்கள். செல்லியம்மாள் வந்தால் அந்த வார் எப்படி இருக்கிறதென்று நான்தான் பார்க்க வேண்டும்.