ஆளப்பட்டவர் எவருமில்லை

எங்கள் ஊர் ஓடைக்கரைப்பட்டி எழுமலைக்குத் தெற்கே இருக்கிறது. அறுபது எழுபது வீடுகள் தேறும். இவ்வளவு சின்ன ஊரில் இத்தனை அரச குலங்கள் எப்படி இடித்துக்கொள்ளாமல் குடியிருக்கின்றன என்பது அறிஞர்கள் ஆராய வேண்டிய விஷயம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் 'ஆண்ட பரம்பரை' என்று ஒரு ஃப்ளெக்ஸ் வரவேற்கும். அடுத்த தெருவில் 'அவர்களுக்கும் முன்பே ஆண்ட பரம்பரை'. பள்ளிவாசல் தெரு முனையில் 'கடல் கடந்து வந்து ஆண்ட பரம்பரை'.

எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தவன் நான்தான். எழுமலையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் கம்ப்யூட்டரில் இருப்பது ஒரே ஒரு கிரீடமும் இரண்டு சிங்கங்களும். எந்தக் குலமானாலும் அதே கிரீடம்தான். தலைக்குத் தக்கபடி இழுத்துவிடுவேன். இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்தவன் தலையை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

இந்த மாமன்னர்கள் வாழும் ஊரில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. அடிபம்பில் வருவது உப்பு. கண்மாய்க்கு அந்தப் பக்கம் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ஓடும் நேரம் பார்த்து மகாராணிகள் குடத்தோடு ஓட வேண்டும். போன கோடையில் முத்துத்தாய் அக்கா கரைச்சரிவில் வழுக்கி விழுந்தார். இன்னும் ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார், அதே காலோடுதான் தண்ணீரும் சுமக்கிறார். முதல் ஃப்ளெக்ஸில் சிங்காசனத்தில் அமர்ந்திருக்கும் நல்லகாமன் அண்ணன் அவருடைய கணவர்.

இப்படியிருக்க, 'மக்கள் மரபின விகிதாசார நலத்துறை' என்று ஒரு துறை மதுரையில் தோன்றியது. எந்த ஊரில் எந்த மரபினர் எத்தனை சதவீதம் என்று கணக்கெடுத்து, அதன்படி நலத்திட்டம் வழங்குவது அதன் உன்னத நோக்கம். எங்கள் ஊருக்கு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி என்று ஆசை காட்டினார்கள். கையில் டேப்லெட்டோடு செல்வக்குமார் என்ற அலுவலர் வந்து, டீக்கடை பெஞ்சில் அமர்ந்து, பணியைத் தொடங்கினார்.

"ரெண்டே பிரிவுதான். ஆண்ட மரபா, ஆளப்பட்ட மரபா?"

நல்லகாமன் அண்ணன் துண்டை உதறினார். "ஊருக்குள்ள வாரப்பவே பாத்திருப்பீகளே சார். எழுதியே வச்சிருக்கோம்."

மளிகைக்கடை நைனா முகமது பாய் தொண்டையைச் செருமினார். "பாண்டிய ராசாவுக்குக் குதிரை வித்தவங்க நாங்க. குதிரை இல்லாம ராசா ஏது தம்பி? அப்புறம் சுல்தானாவும் இருந்தோம். ரெண்டையும் போட்டுக்கங்க."

என்னைக் கேட்டார். என் பெயரே ராஜபாண்டி என்றேன். மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

கடைசி நம்பிக்கையாக, வடக்கேயிருந்து வந்து பரோட்டாக் கடையில் மாவு பிசைகிற மகேந்தரைக் கூப்பிட்டார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினார். "நம்ம ஊர்லயும் ராஜாதான் அண்ணா. பேனர் இருக்கு." படத்தில் அவருடைய பெரியப்பா கிரீடத்தோடு நின்றார். அந்தக் கிரீடத்தை எனக்கு நன்றாகவே தெரியும். சிங்கமும் என்னுடையதுதான்.

செல்வக்குமார் உதட்டைப் பிதுக்கினார். "ஆளப்பட்டவர் எவருமில்லை. மூணுல ஒரு பங்காவது இருந்தாத்தான் தொட்டி."

"அது என்ன சார் கணக்கு?"

"ஆண்டவர்கள் குளம் வெட்டியவர்கள். தங்களுக்கு வேண்டிய தண்ணீரைத் தாங்களே ஏற்படுத்திக்கொள்வார்கள் என்பது துறையின் நம்பிக்கை. அது போகட்டும். எல்லாரும் ஆண்டிருந்தா யாரைண்ணே ஆண்டீங்க?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "பக்கத்து ஊர்க்காரங்கள."

"காலையில அங்கதான் போயிட்டு வாரேன். அவங்க உங்கள ஆண்டதாச் சொல்றாங்க."

அப்போது தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாக வந்த முத்துத்தாய் அக்கா நின்றார். பேச்சை முழுக்கக் கேட்டிருப்பார் போல. குடத்தை இறக்கி வைத்தார்.

"தம்பி, என்னைய எழுதிக்க."

"எந்த மரபும்மா?"

"ஆளப்பட்டது. இந்த ராசா கட்டுன நாள்லருந்து எந்திரிச்சு ஒரு செம்புத் தண்ணி மோந்து குடிச்சதில்ல. அப்ப என்னைய ஆண்டிருக்காருல்ல? எழுது. தொட்டி வந்தாப் போதும்."

பின்னாலேயே வந்த நைனா பாய் வீட்டம்மா ஜெயினம்பு, "என்னையும் போட்டுக்கங்க. அவுக சுல்தான். நான் குடம் தூக்குற ஆளு" என்றார். சற்று நேரத்தில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஊரில் பாதிப்பேர் ஆளப்பட்டவர்களாகிவிட்டார்கள். விகிதாசாரம் தேவைக்கு மேலேயே போய்விட்டது. ஆண்கள் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டார்கள்.

அந்தச் சிரிப்பு உத்தரவு வரும்வரைதான். தொட்டி கொள்கையளவில் ஏற்கப்பட்டது என்று முதல் பக்கத்தில் இருந்தது. இரண்டாம் பக்கத்தில், கணவர் ஒரு மரபும் மனைவி வேறு மரபுமாக இருப்பதால் ஓடைக்கரைப்பட்டியில் நடந்த திருமணங்கள் யாவும் கலப்புத் திருமணங்கள் என்றும், கலப்பில் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்ற ஊருக்குப் பாராட்டு விழா எடுக்கப்படும் என்றும் கண்டிருந்தது.

நல்லகாமன் அண்ணன் என் கடைக்கு ஓடி வந்தார். "மாப்ள, நான் கட்டுனது சொந்தத் தாய்மாமன் மகள. அது எப்படிய்யா கலப்பாகும்?"

பதறாமல் என்ன செய்வார்? கலப்புத் திருமணம் செய்தவர்களை ஊரைவிட்டுத் தள்ளிவைப்போம் என்று பெரிய எழுத்தில் ஃப்ளெக்ஸ் கட்டியவரே அவர்தான். இப்போது ஊரையே தள்ளிவைக்க வேண்டும். தள்ளிவைக்கவும் ஆள் மிச்சமில்லை.

அரசகுலங்கள் வரலாற்றில் முதன்முறையாக ஒன்றுசேர்ந்து, ஒரே வேனில் மதுரைக்குப் புறப்பட்டன. சாட்சிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். துறை அதிகாரி கனகலட்சுமி மேடம் பொறுமையாகக் கேட்டார்.

"இதுக்கு வழி இருக்கு. நீங்களும் ஆளப்பட்ட மரபுன்னு எழுதிக் குடுத்துருங்க. கலப்பும் இல்ல, தொட்டியும் உங்களுக்கே."

நைனா பாய் கூரையைப் பார்த்தார். அண்ணன் தன் செருப்பைப் பார்த்தார்.

"வேற வழி இல்லையா மேடம்?"

"குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டா மனைவியையும் ஆண்ட மரபுல சேத்துரலாம். மனைவி கையெழுத்து தேவையில்ல. ஆனா தொட்டி ரத்தாயிரும்."

"தண்ணியா மானமான்னு வந்துட்டா மானந்தான் மேடம்" என்று முழங்கிவிட்டு, அண்ணன் மேடத்திடமே பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மானத்தைச் சுமப்பவர் ஒருவர், தண்ணீரைச் சுமப்பவர் இன்னொருவர். ஆனாலும் பேனா என் கைக்கு வந்தபோது நானும் போட்டேன். வேனில் திரும்பி வர வேண்டுமே.

செய்தி கேட்ட முத்துத்தாய் அக்கா சத்தம் போடவில்லை. "ராணியாக்கிட்டாகளாம். சரி, ராணி தண்ணிக்குப் போறேன்" என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

ரத்தான தொட்டியை வேறு ஊருக்குக் கொடுக்கலாம் என்று துறை தேடிப் பார்த்தது. வாடிப்பட்டிப் பக்கம் போனார்கள், மேலூர்ப் பக்கம் போனார்கள். போன இடமெல்லாம் ராஜாங்கம். தேடிச் சலித்ததில், தாங்கள் மேலதிகாரிகளால் ஆளப்படுகிறவர்கள் என்று துறை ஊழியர்கள் தங்களையே பதிந்துகொண்டார்கள். தொட்டி அலுவலக வளாகத்தில் எழும்பியது. திறப்பு விழா ஃப்ளெக்ஸுக்கு செல்வக்குமார் என்னிடமே வந்தார்.

"மேடம் படம் நடுவுல. பக்கத்துல நான். ரெண்டு தலையிலயும் கிரீடம் வச்சிருங்க."

"ஆளப்பட்ட மரபுன்னு எழுதிருக்கீங்களே சார்?"

"அது தொட்டிக்கு. இது ஃப்ளெக்ஸுக்கு."

கிரீடத்தை இழுத்துவிட்டேன்.

ஊரிலும் ஒரு ஃப்ளெக்ஸ் ஏறியது. 'மானம் காத்த மாமன்னர்கள்'. இந்த முறை எல்லாக் குலத்தாரும் ஒன்றாக நின்றதால் அகலம் கொஞ்சம் அதிகம். ஐப்பசி மழை பிடித்த அன்று காலை பார்த்தால், அதைக் காணோம். முத்துத்தாய் அக்கா வீட்டு முற்றத்தில் நாலு கம்பு நட்டு, ஃப்ளெக்ஸின் நாலு முனையையும் கட்டியிருந்தார். நடுவில் பள்ளம் விழுந்து, நல்லகாமன் அண்ணன் முகத்தின் மேல் தெளிந்த தண்ணீர் தேங்கி நின்றது. ஜெயினம்பு அதில் குடத்தை முக்கிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது?" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? இப்பத்தான்டா இந்த மனுசன் ஒரு குடம் தண்ணி குடுத்திருக்காரு."

மறுநாள் ஊரில் இருந்த ஃப்ளெக்ஸெல்லாம் இறங்கிவிட்டன. அத்தோடு பெண்களுக்குள் போட்டியும் வந்தது. எங்கள் ராஜாதான் அகலம், உங்கள் ராஜா ஒழுகுகிறார் என்று வாய்ச்சண்டை. அடுத்த தடவை இன்னும் பெரிதாக அடிக்கச் சொல்லி ஆளாளுக்கு என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

விஷயம் துறைக்கு எட்டி, செல்வக்குமார் நேரில் வந்தார். முற்றம் முற்றமாகப் போய்ப் பார்த்தார். முத்துத்தாய் அக்கா ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, "தம்பி, மழை நின்னா இதுவும் நின்னுரும். தொட்டிக்கு ஒரு வழி பண்ணு" என்று கெஞ்சினார். செல்வக்குமார் தண்ணீரைக் குடித்து முடித்து, டேப்லெட்டைத் திறந்து, சத்தமாக வாசித்தபடியே பதிந்தார்.

"இவ்வூரார் தங்களுக்கு வேண்டிய குளங்களைத் தாங்களே அமைத்துக்கொண்டுள்ளனர். எனவே இவர்கள் ஆண்ட மரபினர் என்பது ஐயமற நிரூபணமாகிறது. இனி எக்காலத்தும் தொட்டி தேவைப்படாது."

அக்கா வெறும் செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வெளியே கூடியிருந்த ஆண்கள் கை தட்டினார்கள். நல்லகாமன் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அரசாங்கமே ஒத்துக்கொண்டதல்லவா? அந்த வாசகத்தை ஓர் எழுத்து விடாமல் பெரிய ஃப்ளெக்ஸாக அடித்துத் தரச் சொன்னார். அடித்துக் கொடுத்தேன்.

அடுத்த மழைக்கு ஆகும்.