வாந்திபேதி வாரத்தில் விளக்கெண்ணெய்

அடுத்தவர் வயிற்றைப் பற்றி நான் ஒருகாலத்தில் அளவுக்கு மீறி அக்கறை காட்டியிருக்கிறேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சதுரங்கப்பட்டினத்தில் அக்கா வீட்டில் தங்கி, மச்சானின் துணிக்கடையில் வேலை பார்த்தேன். எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை. தெருக்கோடியில் ஒருவருக்கு வாந்திபேதி கண்டது. மறுநாள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து தெருவின் இரண்டு முனையிலும் மூங்கில் கட்டி, பிளீச்சிங் பவுடர் தூவினார். ஏழு நாள் யாரும் வெளியே போகக் கூடாது. வீடுகளுக்குப் பின்னாலிருந்த சவுக்குத் தோப்புக்கு மட்டும் செம்போடு போகலாம்.

"மூணு தடவைக்கு மேல யாரு போனாலும் எனக்குத் தெரியணும். புதுசா ஒருத்தருக்கு வந்தா இன்னும் ஏழு நாள் அடைப்பு" என்றார்.

நான் பின்பக்க ஜன்னலில் உட்கார்ந்தேன். யார் எத்தனை முறை போகிறார், நிதானமாகவா வேகமாகவா, திரும்பும்போது முகம் எப்படி இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. (பயம் என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டேன். அதில் பாதி வேடிக்கை பார்க்கும் ஆசை.)

மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு சைக்கிள் கடை ஆறுமுகம் மதியத்துக்குள் ஐந்து முறை போய்விட்டார். எனக்கு வியர்த்தது. மூங்கிலடியில் நின்ற இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நேராக ஆறுமுகத்தின் வாசலுக்கு வந்தார்.

"அஞ்சு தடவயா? இன்னா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ல சார்."

"பின்ன எதுக்குப் போன?"

ஆறுமுகம் மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "பீடி குடிக்க சார்."

கணவர் பீடியை விட்டு இரண்டு வருடமாகிறது என்று ஊரெல்லாம் பெருமை பேசியவர் கன்னியம்மா அக்கா. "அப்போ சொம்பு?" என்று கேட்டார்.

"சும்மா கைல வச்சிகினு போனேன்."

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. நோய் சந்தேகம் உள்ளவர்களுக்காகப் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த கட்டிலுக்கு அவரை அனுப்பிவிட்டார்.

தெரு மொத்தமும் எங்கள் வீட்டை முறைத்தது. "இனிமே உனக்கு ஒரு ஏப்பம் வந்தாக்கூட இந்தத் தெரு விடாதுடா" என்றாள் அக்கா. அவள் சொல்லி முடித்ததும் என் வயிற்றில் ஏதோ புரண்டது. வியாதி வருவதற்கு முன்பே வயிற்றைக் கழுவிவிட்டால் என்ன என்று தோன்றியது. மறுநாள் விடிந்ததும், அக்கா தலைக்குத் தேய்க்க வைத்திருந்த விளக்கெண்ணெயில் அரை டம்ளர் குடித்தேன். (எஸ்.எஸ்.எல்.சி.யில் விஞ்ஞானத்தில் நல்ல மார்க் வாங்கியவன் நான்.)

முதல் முறை தோப்புக்கு நடந்து போனேன். இரண்டாம் முறை வேகமாக நடந்தேன். அதற்குப் பிறகு நடை என்று சொல்ல எதுவும் இல்லை. எல்லா ஜன்னலிலும் ஒரு தலை தெரிந்தது. ஐந்தாம் முறை செம்பை எடுத்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கன்னியம்மா அக்கா, மிக அமைதியாக, "இன்னா தம்பி, நீயும் பீடியா?" என்று கேட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்து என்ன சாப்பிட்டாய் என்றார். தலையில் தேய்ப்பதைக் குடித்தேன் என்று எப்படிச் சொல்வது? அதற்குக் காலராவே கௌரவம் என்று வாயை மூடிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்தது ஆறுமுகத்துக்கு அடுத்த கட்டில்.

"வா தம்பி. எத்தினி?"

"ஏழு அண்ணாத்த."

அவர் எழுந்து வந்து முகர்ந்து பார்த்தார். "விளக்கெண்ண நாத்தம் வருதே. எவ்ளோ குடிச்ச?"

"அரை டம்ளர்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "உனுக்கு வாந்திபேதின்னு எழுதிட்டா தெருவுக்கு இன்னும் ஏழு நாளு. அம்மாம் பேரும் வேல இல்லாம குந்திகினு கீறாங்க. வாயத் தொறந்து சொல்லிடு. பொண்டாட்டி எதிர்ல பீடின்னு நான் சொல்லல?"

சொன்னேன். செங்கல்பட்டிலிருந்து வந்திருந்த டாக்டர் இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்தார். காது கேட்காமல் அல்ல என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"மன்னிச்சுக்கோ அண்ணாத்த" என்றேன் ஆறுமுகத்திடம்.

"உடு. ரெண்டு வருசமா அவகிட்ட பொய் சொல்லிகினு இருந்தேன், அது ஒழிஞ்சுது. இனிமே பீடி எங்க போயி குடிக்கிறதுன்னுதான் தெரியல."

ஏழாம் நாள் சொன்னபடி மூங்கிலை அவிழ்த்தார்கள். என்னை அனுப்பும்போது டாக்டர் ஒரு சீட்டு கொடுத்தார். 'மேற்படி நபருக்கு வாந்திபேதி இல்லை. விளக்கெண்ணெய் அருந்தியுள்ளார்.' கீழே கையெழுத்து, முத்திரை. அக்கா அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினாள்.

அடுத்த வருடம் மதுராந்தகத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பையனுக்கு ஏதோ தொத்து வியாதியாமே என்ற பேச்சு எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அக்கா சீட்டை எடுத்து சர்பத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். பெண்ணைப் பெற்ற அத்தா அதைச் சத்தமாகப் படித்தார். கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்து, அடக்கி, மறுபடியும் சிரிப்பது கேட்டது.

சிரித்தவள்தான் என் மனைவி மெஹருன்னிசா. சீட்டு இப்போது அவளுடைய பெட்டியில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் நேற்று யார் வந்தார்கள் தெரியுமா என்று நான் ஆரம்பித்தால் போதும், எழுந்து போய் எடுத்து வந்து என் முன்னால் விரிப்பாள்.

"இதுல வயித்துக்குத்தாங்க சர்ட்டிபிகேட் கீது. வாய்க்கு இல்ல."