பல் சுத்தம் செய்ய வந்த பிள்ளைகளும் என் பட்டியலும்

பேரன்புக்குரிய கொரின் அக்காவுக்கு,

தம்பி ஹார்லன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் மொரீனும் மகள் பிரிட்டாவும் சுகம். அங்கே நீயும் அத்தானும், அத்தானுக்குப் புதிதாக வைத்த முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். டுலூத்தில் பனி ஜன்னலை மூடிவிட்டதாகச் செய்தியில் காட்டினார்கள். அத்தான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குக் கிளம்பினால் மண்வெட்டியை ஒளித்து வை. நீ அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்து சேர்ந்தன. இரண்டும் இடது காலுக்கு உரியவைபோல் இருந்தாலும் கதகதப்பாக இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "என்னடா, ஊர்ப் பிள்ளைங்க மார்க்கையெல்லாம் திருடி ஊருக்கே அனுப்பிட்டியாமே?" என்று கேட்டபோது, அடுப்பில் சூப் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். சூப் எதுவும் பொங்கவில்லை அக்கா. உனக்கு அதை யார் சொல்லியிருந்தாலும் பாதிதான் சொல்லியிருப்பார்கள், மீதி இன்னும் மோசம். முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

நவம்பர் ஒன்றாம் தேதிக்குள் ஒரே ஒரு கல்லூரியைத் தேர்ந்து, "எடுத்துக்கொண்டால் கட்டாயம் வருவேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் டிசம்பர் நடுவிலேயே முடிவு சொல்லிவிடுவார்களே, அந்த வழியில் பிரிட்டா தார்ன்பரி கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். போன வருஷம் நாங்கள் அதைப் பார்க்கப் போனபோது சிவப்புச் செங்கல் கட்டடத்தையும் மணிக்கூண்டையும் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றேன், அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு "நல்லா இருக்குப்பா" என்றாள், நான் அதை ஆசை என்று எடுத்துக்கொண்டேன். அப்புறம் செப்டம்பரில் இரும்புக்கடை வெர்ன் கைப்பர் ஒரு பெட்டி ஆணியைக் கட்டிக்கொண்டே, "நம்ம ஸ்கூல்லேர்ந்து ஒன்பது பேர் தார்ன்பரிக்குப் போட்டிருக்காங்க ஹார்லன். ஒரு ஸ்கூல்லேர்ந்து ஒருத்தரைத்தான் எடுப்பாங்களாம்" என்று சொன்னான். யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அந்த ஒன்பது பேரில் அவன் மகன் டிரெண்ட்டும் ஒருவன் என்பதால் அவனும் கவலையில் சொன்னதுதான். நான் ஆணியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இனிமேல் எழுதப்போவதைப் படித்துவிட்டு நீ என்னைத் திட்டு, ஆனால் கடைசிவரை படி. இந்த ஊரில் பல் டாக்டர் நான் ஒருத்தன்தான். பிரிட்டா போக மற்ற எட்டுப் பிள்ளைகளும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் நாற்காலியில்தான் வந்து வாயைத் திறக்கிறார்கள். வாயில் கருவி இருந்தால் அவர்களால் பேச முடியாது, ஆனால் கட்டைவிரலை ஆட்ட முடியும். "காலேஜ் தேர்வு எழுதினியாமே, ஆயிரத்து ஐநூறுக்கு மேலயா?" என்று நான் பாட்டுக்குக் கேட்பேன். கட்டைவிரல் மேலே போகும். "ஐநூத்தி ஐம்பதுக்கு மேலயா?" கட்டைவிரல் தயங்கிக் கீழே இறங்கும். சாயங்காலம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். பள்ளிச் சராசரி ஒரு பத்தி, தேர்வு மதிப்பெண் ஒரு பத்தி, கடினமான பாடம் எத்தனை, விளையாட்டு, வாத்தியம், கடைசியில் அகலமாக ஒரு பத்தி, அதற்குத் தலைப்பு "என் கருத்து". டிரெண்ட் கைப்பருக்கு, "மதிப்பெண் நன்று. கால்பந்து மிக நன்று. தனியாக விட்டால் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியுமா என்பது சந்தேகம்" என்று எழுதியிருந்தேன். நான் வேடிக்கைக்காக எழுதவில்லை அக்கா, என் கிளினிக் கதவோடு அவன் படும் பாட்டை வருஷக்கணக்காகப் பார்த்துவருகிறேன்.

இமெல்டா அரியோலாதான் எனக்குப் பெரிய பயம். நகராட்சியில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற அன்செல்மோவின் மகள். அக்டோபரில் சொத்தைப் பல் அடைக்க வந்தாள். ஆயிரத்து அறுநூறுக்கு ஆயிரத்து ஐநூற்று அறுபது என்று கட்டைவிரல் சொன்னது. அத்தோடு விட்டேனா? விசாரித்தேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து குளிர்காலம் முழுக்கத் தினமும் பள்ளிக்கு முன்னால் ஏரிக்கரைக்கு நடந்துபோய்ப் பனிக்கட்டியின் கனத்தை அளந்து ஒரு நோட்டில் குறித்துவருகிறாளாம், காய்ச்சலிலும் ஒரு நாள் தவறவில்லையாம். அந்த எண்களை வானிலைக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொள்கிறார்களாம். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. ஏன் செய்கிறாய் என்று கேட்டதற்கு, "யாரும் அளக்கல டாக்டர், அதான்" என்றாள். எதிராளியைப் பற்றிக் குறிப்பெடுக்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அவளுக்கான கருத்துப் பத்தி வளர்ந்து வளர்ந்து இரண்டு பக்கம் ஆகிவிட்டது. கடைசி வரி: "இந்தப் பெண்ணை எடுக்காத கல்லூரியை இழுத்து மூடிவிடலாம்." அவளுக்கு முதலிடம். நியாயம் என்று ஒன்று இருக்கிறதில்லையா? அதே நியாயத்தோடு நம் பிரிட்டாவை ஆறாவதாகப் போட்டேன். "நல்ல பெண். கணக்கு சுமார். மரங்களைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். தார்ன்பரிக்காரர்கள் மரத்தைப் பற்றிக் கேட்பார்களா?"

டிசம்பர் மூன்றாம் தேதி என் வரவேற்பு மேஜையில் இருக்கும் டோலோரஸ், மகளுக்குப் பிரசவம் என்று லீவு எடுத்தாள். "பல் சுத்தம் செய்ய வேண்டிய மாதம் வந்துவிட்டது" என்கிற நினைவூட்டலை நானே எல்லோருக்கும் அனுப்ப வேண்டியதாயிற்று. கூடவே விடுமுறை நாட்கள் பட்டியலை இணைக்க வேண்டும். அதன் பெயரும் "டிசம்பர் பட்டியல்", இதன் பெயரும் "டிசம்பர் பட்டியல்". நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போய்விட்டது.

முதல் போன் மூன்றாவது நிமிஷத்தில் வந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. மொரீன் வாசலில் வந்து நின்று, "ஏங்க, இது உண்மையா நீங்க எழுதினதா, இல்ல யாராவது உங்க பேர்ல எழுதினாங்களா?" என்று கேட்டாள். இரண்டாவதைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் சபலம் தட்டியது. அதற்குள் வெர்ன் கைப்பர் தொப்பியில் பனியோடு உள்ளே வந்துவிட்டான். "ஏம்ப்பா, என் பையனுக்குக் கதவு தொறக்கத் தெரியாதா?" என்று கத்தினான். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "அத விடு, அது தெரியாதுதான்! நாலாவதுன்னு எப்படிப் போட்ட? டிரம்பெட்ட நீ கணக்குலயே எடுக்கல. டிரம்பெட்டோட பாத்தா அவன் ரெண்டாவது!" என்றான். அன்று முழுக்க இதே கதைதான் அக்கா. பிள்ளையின் ரகசியத்தை வெளியே விட்டாயே என்று கேட்டவர்கள் குறைவு, இடம் தப்பு என்று வாதாடியவர்களே அதிகம். ஒரு அம்மா, தன் மகள் தேர்வைத் திரும்ப எழுதி முப்பது மதிப்பெண் கூடியிருப்பதாகவும், திருத்திய பட்டியல் எப்போது வரும் என்றும் கேட்டாள்.

பிரிட்டா நாலு மணிக்கு வந்தாள். ஸ்கூல் பையைக் கழற்றாமலேயே என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆறாவதாப்பா?"

"கண்ணு, அது வந்து..."

"ஆறாவதுன்னு போட்டதுல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. நானா இருந்தா ஏழாவதுன்னு போட்டிருப்பேன். அவங்க வாய்க்குள்ள கைய வச்சுக்கிட்டுக் கேட்டீங்களே, எப்படிப்பா? அவங்களால வேணாம்னு சொல்லக்கூட முடியாதே."

அக்கா, நான் முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், யாரும் என்னை இப்படி ஒரே வார்த்தையில் உட்கார வைத்ததில்லை. "எட்டு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேக்கணும். நான் வண்டி ஓட்டுறேன், உங்கள விட்டா பாதி வழியில திரும்பிடுவீங்க" என்றாள். உண்மைதான், திரும்பியிருப்பேன். மாநிலப் பல்மருத்துவ அலுவலகத்துக்கும் நானே எழுதிப் போட்டுவிட்டேன், என்ன சொல்லப்போகிறார்களோ தெரியவில்லை. அதையும் அவள்தான் எழுத வைத்தாள். எழுத்துப் பிழை மூன்று இருந்தது, திருத்தினாள்.

ஏழு வீட்டில் காப்பி கொடுத்தார்கள், ஐந்து வீட்டில் இடத்தைப் பற்றி வாதாடினார்கள், ஒரு வீட்டில் அந்தப் பையன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு "எங்கப்பாவுக்கே நான் என் மார்க்கச் சொல்லல டாக்டர்" என்றான். அவனிடம் மட்டும் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டேன். கடைசி வீடு அரியோலாவுடையது. பிரிட்டா வண்டியிலேயே இருந்தாள். கதவைத் திறந்தது இமெல்டா. நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவள், "உள்ள வாங்க டாக்டர், குளிருது. எங்கம்மா அந்த ரெண்டு பக்கத்தயும் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்காங்க" என்றாள். எட்டிப் பார்த்தேன், ஒட்டியிருந்தது. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்புறம் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் மார்க்க நீங்க கேட்டது எனக்குப் பிடிக்கல. அது வேற. ஆனா ஒண்ணு சொல்லணும். பிரிட்டாவுக்கு மூணு மாசமா தாடை வலி. காலையில வாயத் தொறக்கவே முடியலன்னு என்கிட்ட சொல்றா. தூக்கத்துல பல்லக் கடிக்கிறா போல. எல்லார் வாயையும் பாத்தீங்க டாக்டர், அவ வாயக் கொஞ்சம் பாருங்க" என்றாள்.

நான் வண்டிக்குப் போய், "நேரா கிளினிக்குக்கு விடும்மா" என்றேன். அவள் வண்டியைத் திருப்பினாள். நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். கடைவாய்ப் பற்களில் மலைபோல் இருக்க வேண்டிய முனைகள் எல்லாம் தேய்ந்து மேஜை மாதிரி தட்டையாக இருந்தன. இது ஒரு வாரத்து வேலை இல்லை. எட்டுப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கட்டைவிரலில் படித்தவன், சொந்த மகளின் வாயில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை அக்கா. விளக்கை அணைத்துவிட்டுக் கருவியைக் கீழே வைத்தேன். அவளாகவே எழுந்து உட்கார்ந்து பேசினாள்.

வடக்கே பாலத்துக்கு அப்பால் உள்ள வனக்கல்லூரிக்கு ஆகஸ்டிலேயே விண்ணப்பித்திருக்கிறாள். அக்டோபரிலேயே எடுத்துக்கொண்டு கடிதமும் அனுப்பிவிட்டார்கள். மேஜை இழுப்பறையில் ஒளித்து வைத்திருக்கிறாள்.

"ஏம்மா சொல்லல?"

"நீங்க அந்த மணிக்கூண்டப் பத்தியே பேசிட்டிருந்தீங்கப்பா. ராத்திரிச் சாப்பாட்டுல, கார்ல, எங்க போனாலும். அவ்வளவு சந்தோஷத்த எப்படிக் கெடுக்கறது? ஆனா தார்ன்பரியில எடுத்துட்டா நான் போயே ஆகணுமேன்னு நெனச்சா பயமா இருந்துச்சு."

நம் பெண் மூன்று மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு, எடுக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நானோ அவளை ஆறாவது இடத்திலிருந்து எப்படி ஏற்றுவது என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் அவளே தார்ன்பரிக்கு எழுதினாள்: முடிவு சொல்வதற்கு முன் என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், உங்கள் நேரத்துக்கு நன்றி. இரண்டே வரி. பதினேழு வயதில் எனக்கு அந்தத் தைரியம் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். ஐம்பத்து நாலிலும் இல்லை. ராத்திரியில் மாட்டிக்கொள்ளப் பல்லுக்கு நானே உறை செய்து கொடுத்தேன், இப்போது நன்றாகத் தூங்குகிறாள்.

பதினைந்தாம் தேதி ஐந்து மணிக்கு முடிவு. "நானும் வரட்டுமா?" என்று பிரிட்டா இமெல்டாவிடம் கேட்டாளாம். "உங்கப்பாவையும் கூட்டிட்டு வா, அவர் எழுதினது பலிக்குதான்னு பாக்கலாம்" என்று பதில் வந்ததாம். அவர்கள் சமையலறையில் எல்லோரும் நின்றோம். இமெல்டா பொத்தானை அழுத்திவிட்டு, பார்க்காமல் திரையைப் பிரிட்டா பக்கம் திருப்பிவிட்டாள். பிரிட்டா படித்தாள். படித்துவிட்டு அவள் போட்ட சத்தத்தில் மாடி வீட்டு நாய் குரைத்தது. எடுத்துவிட்டார்கள், முழு உதவித்தொகையோடு! இரண்டு பேரும் கட்டிக்கொண்டு குதித்ததில் ஃப்ரிட்ஜிலிருந்து என் இரண்டு பக்கமும் கீழே விழுந்தன. இமெல்டாவின் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். அன்செல்மோ வேலையில் இருந்தார். போனில் சொன்னதும் அந்த மஞ்சள் வண்டியைத் தெருவுக்குள் ஓட்டிவந்து, விளக்கெல்லாம் சுழலவிட்டு, ஹாரனை அடித்துக்கொண்டே அந்தத் தெருப் பனி முழுவதையும் ஒரே மூச்சில் அள்ளிவிட்டுப் போனார். டிரெண்ட்டுக்கு மார்ச் வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். வெர்ன் இன்னும் டிரம்பெட் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அந்தப் பட்டியலை அழித்துவிட்டேன் அக்கா. இந்தப் பிள்ளைகள் நம்மைவிட எவ்வளவோ பெரியவர்கள். அவர்களை ஒருவரோடு ஒருவர் வைத்துப் பார்க்க எனக்கு என்ன தகுதி? இந்த ஜென்மத்தில் இனி எந்தப் பிள்ளையையும் எந்தப் பிள்ளையோடும் ஒப்பிடுவதில்லை என்று மொரீன் முன்னால் கையடித்துக் கொடுத்திருக்கிறேன். ஊரில் யாராவது கேட்டால் இதைத் தைரியமாகச் சொல்.

அத்தானுக்கு என் வணக்கம். கிறிஸ்துமஸுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளும் கெட்டியான பற்களும் கொடுக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
ஹார்லன் வெல்ட்காம்ப்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வனக்கல்லூரியிலிருந்து தபால் வந்தது. பிரிட்டாவோடு ஒரே விடுதியில் தங்கப்போகும் பன்னிரண்டு பிள்ளைகளும் தங்களைப் பற்றி ஆளுக்கு அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். ஒரு பையன் தேனீ வளர்க்கிறானாம். ஒரு பெண் தனியாளாகப் படகு கட்டியிருக்கிறாளாம். சும்மா, பொழுது போகவில்லை என்று ஒரு தாளில் கோடு போட்டுக் குறித்துப் பார்த்தேன். நம் பிரிட்டா மூன்றாவது வருகிறாள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், மொரீனுக்குத் தெரிய வேண்டாம். தேனீப் பையனை இன்னொரு தடவை படித்தேன், எழுத்துப் பிழை நிறைய. இப்போது பிரிட்டா இரண்டாவது.