முந்நூறு வருடத்துக்குப் பிறகு ஒரு தும்மல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனிடம் "உன்னால் முடியுமா?" என்று யாரும் கேட்கக்கூடாது. முடியும் என்றுதான் சொல்வான். இருபத்துமூன்று வயதில் நான் அப்படிச் சொன்னதன் விளைவாக, பன்னிரண்டு இசைக்கலைஞர்கள் ஒரு தேவாலயத்திலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். அதை நான் முழுதாகப் பார்க்கவில்லை. என் கண்ணும் எரிந்துகொண்டிருந்தது.

டுசல்டோர்ஃபில் பழைய இசையைப் பதிவுசெய்து வெளியிடும் சிறிய நிறுவனம் ஒன்றில் எனக்கு அப்போது 'பிராக்டிகும்'. (வயர் சுற்றவும் கோப்பி ஊற்றவும் ஆள் வைப்பதற்கு ஜேர்மன்காரர் கண்டுபிடித்த கௌரவமான பெயர்.) ஒருநாள் எங்கள் தயாரிப்பாளர் அம்மா, ஃபிராவ் பிரான்ட், எல்லோரையும் கூப்பிட்டார். செக் நாட்டு மடம் ஒன்றின் அலமாரியில் இசைக் கையெழுத்துத் தாள்கள் கிடைத்திருந்தன. எழுதியவர் முந்நூறு வருடத்துக்கு முந்திய ஆள். (பெயரில் உயிரெழுத்துக்குப் பஞ்சம். இங்கே எழுதினால் அச்சுப்பிழை என்பீர்கள்.) பஸூன் முன்னே நிற்க மற்ற வாத்தியங்கள் துணைபோகும் மூன்று கொன்செர்ட்டோக்கள். பஸூன் என்பது ஆளுயர மரக்குழல். நாதஸ்வரம் போல சீவாளி வைத்துத்தான் ஊதுவார்கள். ஆனால் குரல், கலியாணச் சாப்பாடு முடித்த பெரியப்பா கதைப்பது போல அடிவயிற்றிலிருந்து வரும்.

தாள்களைக் கண்டெடுத்தவர் யித்கா என்ற செக் பெண். நான்கு வருடம் உட்கார்ந்து, கலைந்து கிடந்த தாள்களைச் சேர்த்துப் பிரதி எடுத்தவரும் அவர்தான். வாசிக்கப்போவதும் அவர்தான்.

"எழுதியவர் போனபிறகு இதை ஒருவரும் கேட்டதில்லை. நாம்தான் முதலில் கேட்கப்போகிறோம்" என்றார் ஃபிராவ் பிரான்ட்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அன்றே பக்கத்து நகரமான கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் போட்டு, இந்த இசையை உலகத்தில் முதலில் கேட்கப்போகும் தமிழன் நான்தான் என்று அறிவித்தேன். அம்மா மட்டும், "அப்ப இவ்வளவு நாளும் ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை? நல்லாயில்லையோ?" என்று கேட்டார்.

பதிவுக்கு முதல்நாள் ஹார்ப்சிக்கோர்ட் ஏற்றவேண்டிய வண்டி பழுதாகி நின்றுவிட்டது. (ஹார்ப்சிக்கோர்ட் என்பது பியானோவுக்கு முந்திய தலைமுறை. தந்தியை அடிக்காது, கிள்ளும்.) தேவாலயம் எங்களுக்கு இரண்டே நாள். அது முடிந்ததும் யித்கா பிராக்குக்குப் போயாகவேண்டும். "யாராவது ஒரு வண்டி கொண்டுவர முடியுமா?" என்று ஃபிராவ் பிரான்ட் முடிப்பதற்குள் என் கை மேலே போய்விட்டது.

கெல்சென்கிர்ச்சனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சித்தப்பாவிடம் சாமான் ஏற்றும் பெரிய வான் வண்டி இருந்தது. சாவியைத் தரும்போது சொன்னார்:

"தம்பி, நேற்றுத் தூள் பை ஒண்டு உள்ளுக்கை வெடிச்சுப்போச்சு. வடிவாய்க் கூட்டிப்போட்டுக் கொண்டு போ, என்ன?"

"ஓம் சித்தப்பா."

"ஓம் எண்டு சொன்னாப் போதாது. கூட்டவேணும்."

"ஓம் ஓம்."

கூட்டவில்லை. எனக்கு நேரமில்லை. சரித்திரம் காத்துக்கொண்டிருந்தது. வானுக்குள் கிடந்த இரண்டு தடித்த போர்வைகளை எடுத்து, ஏற்கெனவே உறைபோட்டிருந்த ஹார்ப்சிக்கோர்ட்டின் மேல் ஒரு தாயின் கரிசனையோடு போர்த்திக் கட்டினேன்.

காலை பத்து மணிக்கு அதைத் தேவாலயத்தின் நடுவில் இறக்கினோம். கலைஞர்கள் அரைவட்டமாக இருந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். யித்கா சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தார். நான் கட்டை அவிழ்த்தேன். எங்கள் வீட்டில் போர்வையை உதறாமல் மடித்தால் அம்மாவிடம் ஏச்சு விழும். அந்த நல்ல பழக்கத்தில், இரண்டு கையாலும் பிடித்து, ஓங்கி, ஒரு உதறு உதறினேன்.

ஜன்னல் வெயிலில் செம்பொன்னிறத்தில் ஒரு மேகம் எழுந்தது. உண்மையைச் சொன்னால் மிக அழகாக இருந்தது. என் மரமண்டைக்கு அது போதவில்லை. இரண்டாவது போர்வையையும் உதறினேன்.

வறுத்து அரைத்த யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள். முதல் வயலின்காரர் தும்மினார். பிறகு வரிசையாக எல்லோரும். செலோக்காரர் செலோவைக் கட்டிப்பிடித்தபடி வாசலுக்கு ஓடினார். "என்ன இது? விஷவாயுவா?" என்று ஃபிராவ் பிரான்ட் கத்தினார். "இல்லை, சாப்பிடலாம்" என்றேன் நான். (என் வாழ்க்கையில் சொன்ன பதில்களில் இதைவிட மோசமானது கிடையாது.)

வெளியே மதிலில் யித்கா கன்னமெல்லாம் நனைய இருந்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. நான்கு வருட உழைப்பு.

"தூளா, அழுகையா?" என்று மெல்லக் கேட்டேன்.

"இரண்டும்" என்றார்.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "கூட்டினியோ?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஏச்சை முழுக்க முடிக்காமலே காரை எடுத்தவர், ஒரு மணித்தியாலத்தில் ஈரத்துணிகளும் கடையிலிருந்த தூசு உறிஞ்சியும் இரண்டு வாளி மோருமாக வந்து இறங்கினார். "டிரிங்கன், டிரிங்கன்! குடியுங்கோ, எரிவு நிக்கும்!" என்று ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே வார்த்தார். பிறகு நாங்கள் இருவரும் முழங்காலில் நின்று அந்தத் தேவாலயத்தை மூலைமூலையாகத் துடைத்தோம். அங்கே அன்று எங்களைவிட அதிகம் மண்டியிட்டவர் யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

மூன்று மணிக்குப் பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அது அணையும்வரை ஒரு சத்தமும் கூடாது. கடைசி வரிசை மரவாங்கில் சித்தப்பா. பக்கத்தில் நான்.

முதலாவது கொன்செர்ட்டோவின் மெதுவான பகுதி. வயலின்கள் தணிந்து வழிவிட, பஸூன் ஒரு நீண்ட மூச்சில் எழுந்தது. கீழே, இன்னும் கீழே இறங்கி, அங்கே ஒரு கணம் நின்று, யாரையோ தேடுவதுபோல மேலே ஏறியது. எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. முந்நூறு வருடம் அலமாரிக்குள் மடித்துக் கிடந்த ஒருவர் எழும்பி வந்து என்னோடு கதைப்பது போலிருந்தது. சித்தப்பாவிடம் சொல்லவேண்டும்போல் திரும்பினேன்.

சித்தப்பாவின் முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்திருந்தார். தும்மல்!

நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் என் கையை நெரித்தார். கடைசிச் சுரம் கூரைவரை போய், சுற்றி, கரைந்து, இல்லாமலாகும்வரை ஃபிராவ் பிரான்ட் கையை உயர்த்தியே வைத்திருந்தார். விளக்கு அணைந்தது.

சித்தப்பா தும்மிய தும்மலில் ஹார்ப்சிக்கோர்ட்டின் தந்திகள் தாமாக முனகின.

முதலில் சிரித்தது யித்கா. "நான்கு வருடமாக இதைத் தனியே பயந்து பயந்துதான் பழகினேன். இன்று மூச்சுத் திரும்பி வந்ததே பெரிது என்று வாசித்தேன். இதையே வைத்துக்கொள்வோம்" என்றார். அதுதான் இசைத்தட்டில் இருக்கிறது. மற்ற இரண்டையும் மறுநாளே முடித்தோம்.

இசைத்தட்டோடு வந்த சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், மோருக்காகச் சித்தப்பாவின் கடைக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் இப்போது கண்ணாடிச் சட்டத்துக்குள் கடைச் சுவரில் தொங்குகிறது. அரிசி வாங்க வருபவர்களும் பஸூன் கேட்டபடிதான் வாங்கவேண்டும்.

எனக்கு அங்கே கிடைத்த கௌரவம் வேறு. போன கிழமை கடையில் ஒரு அக்கா, தூள் பையை எடுத்துத் தரச்சொல்லி என்னிடம் கேட்டார். சித்தப்பா உள்ளே இருந்து பாய்ந்து வந்தார்.

"ஐயோ அக்கா, அவனிட்டைக் கேளாதேங்கோ! உதறிப்போடுவான்!"