சித்தப்பாவின் மோதிரமும் தங்கையின் சடையும்

உதாரணப் பிராணி என்றொரு வகை உண்டு. அதற்கு வாலும் கிடையாது, கொம்பும் கிடையாது. நம்மைப் போலவே சட்டை போட்டுக்கொண்டு நம் வீட்டு சோபாவிலேயே சாய்ந்திருக்கும். "அது எப்படின்னா..." என்று வாயைத் திறக்கும்போதுதான் இனம் தெரியும். உடனே வீட்டுச் சாமான்களை ஒளித்துவையுங்கள். பூகம்பத்தை விளக்க உங்கள் பிஸ்கட்டை நொறுக்கும். கிரகணத்தை விளக்க உங்கள் தலையையே சூரியனாக்கிச் சுற்றிவரும். இதயம் வேலை செய்யும் அழகைக் காட்ட உங்கள் ஷாம்பு புட்டியைப் பிதுக்கி, தரையில் கொட்டியதை "ரத்தம்னு வச்சுக்க" என்று சொல்லித் தாண்டிப் போய்விடும். துடைப்பது நீங்கள்.

தன் சொந்தப் பொருளை எடுத்து விளக்கிய உதாரணப் பிராணியைக் கண்டதுண்டா? நான் கண்டிருக்கிறேன். என் சித்தப்பா. தன் மோதிரத்தையே கழற்றிக் கொடுத்தார். வினையே அங்குதான்.

அன்று என் தங்கைக்குக் கணினி வழியாக நேர்காணல். ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. கிடைத்தால் விசா நீளும். இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். முடியை இரண்டு புரியாக்கி, கயிறு போல் முறுக்கிச் சடை போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தவள், சும்மா இருக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்:

"சித்தப்பா, டி.என்.ஏ. நகலெடுக்கும்போது இந்த ஹெலிகேஸ் நொதி என்ன பண்ணும்? ஒரே வரியில சொல்லுங்க."

ஒரே வரியா? சித்தப்பாவிடமா?

"அது எப்படின்னா..." மோதிரம் விரலைவிட்டு வந்தது. சடையின் நுனியைப் பிரித்து, ஒரு புரியை மட்டும் அதற்குள் நுழைத்தார். "இதான் ஹெலிகேஸ். வளையமாட்டம் ஒரு இழையைக் கட்டிக்கிட்டு மேல மேல போகும். இன்னொரு இழை தானா ஒதுங்கிடும். டேய், கைக்கு ஒண்ணா பிடி. திரும்ப ஒட்ட விடாதே. நீ ஒரு புரதம்."

இரண்டு மொழியில் படித்துப் பட்டம் வாங்கிய நான் புரதமானேன்.

மோதிரம் ஏறியது. கீழே பிரியப் பிரிய, மேலே முறுக்கு இறுகியது. பிடரிக்கருகில் முடி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு முண்டு முண்டாகி, மோதிரம் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றுவிட்டது. தங்கை "ஐயோ!" என்றாள். சித்தப்பா முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"பாத்தியா! நிஜத்திலயும் இதே சிக்கல்தான்!"

சித்தி கத்தரிக்கோலோடு ஓடிவந்தாள். "கல்யாண மோதிரம்யா அது! நகருங்க, வெட்டிடறேன்."

"அதுக்குன்னு தனியா ஒரு நொதி இருக்குடி. வெட்டும், முறுக்கைத் தளர்த்தும், உடனே ஒட்டியும் வச்சிடும். நீ ஒட்டுவியா?"

"உங்க வாயை ஒட்டறேன், இருங்க."

திரை ஒளிர்ந்தது. கேள்வி கேட்கும் அம்மாள் வந்துவிட்டார். நான் நாற்காலிக்குப் பின்னால் குந்தினேன், கைக்கொரு கற்றையோடு. விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? புரதத்தை யாரும் விடச் சொல்லவில்லையே.

"ஹெலிகேஸ் போகப் போக என்ன பிரச்சினை வரும்?"

"முன்னால முறுக்கு இறுகும், மேடம்." தங்கை பிடரியில் கை வைத்தாள். "ரொம்ப வலிக்கும்."

"வலிக்குமா?"

வேறு வழி? திரும்பிப் பிடரியைக் காட்டினாள். முண்டு, மோதிரம், இரண்டு கற்றை, கற்றைகளின் கடைசியில் நான். வணக்கம் சொல்லக்கூட எனக்குக் கை இல்லை.

அம்மாள் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார். பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் எனக்கு அப்போதே கேட்டுவிட்டது.

"சரிதான்," என்றார் கடைசியில். "ஆனா முடியில அவ்வளவு தெளிவா வராது. அது எப்படின்னா..." என்றவர், தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியின் காதிலிருந்த இயர்போனின் இரட்டை ஒயரை வெடுக்கென்று உருவினார்.

வேலை கிடைத்துவிட்டது. மோதிரமும் சோப்புத் தண்ணீரில் வந்துவிட்டது, கொஞ்சம் முடியோடு. இப்போது ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேருபவர்களின் காலணி நாடாக்களை என் தங்கை அவிழ்ப்பதாகக் கேள்வி.

'இதுக்குப் போய் சடையா? ஒரு கயிறு எடுத்தா வேலை முடிஞ்சது' என்று உங்களுக்கு அப்போதிருந்தே தோன்றிக்கொண்டிருக்கிறது, இல்லையா? தோன்றட்டும். முதலில் பக்கத்தில் இருப்பவரின் பை வாரைக் கீழே வையுங்கள்.