கேக்கை எரித்த கலோரிக்காரர்

சாப்பாட்டைச் சாப்பிடுகிறவர்கள் உண்டு, படம் எடுக்கிறவர்கள் உண்டு; மூன்றாவதாக, அளந்து பார்க்கிற ரகம் ஒன்றும் உண்டு. நம் கலோரிக்காரர் அந்த ரகத்தில் முதல் தரம். தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வேலையே உணவைக் கொளுத்துவதுதான்: உலர்த்தி, பொடித்து, ஒரு கிராமை வில்லையாக அழுத்தி, கனத்த எஃகுக் குப்பிக்குள் வைத்து, ஆக்ஸிஜனை அடைத்து, குப்பியைத் தண்ணீரில் அமிழ்த்திவிட்டு உள்ளே பற்றவைப்பார். தண்ணீர் எத்தனை டிகிரி சூடேறுகிறதோ, அதை வைத்து அந்தப் பண்டத்தில் இத்தனை கலோரி என்று சொல்லிவிடுவார். அங்கேயே சொல்லிவிட்டு வந்தால் போதாதா? விருந்துக்குப் போன வீட்டிலும் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் இரண்டாவது வாழைப்பழத்துக்குக் கை நீட்டினால், "இன்னொரு நூறு" என்பார். நீட்டிய கை அந்தரத்தில் நிற்கும்.

கல்யாண நாளன்று அவர் மனைவி இரண்டு முறை கருகவிட்டு, மூன்றாவது முறை ஒருவழியாக உப்பி வந்த கேக்கில் பெரிய துண்டாக வெட்டி, டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். மத்தியானம் டப்பாவைத் திறந்தவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது உண்மை. கை என்னவோ தராசுக்குத்தான் போனது.

கூட வேலை பார்க்கும் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா செஞ்சதா சார்? ஒரு வாய் சாப்பிடலாமே."

"சோதனைக்கு மாதிரி குறைஞ்சிடும்மா. முழுத் துண்டையும் பொடிச்சாத்தான் கணக்கு சரியா வரும்."

கேக் உலர்ந்து எரிந்து முடிய, மறுநாள் சாயங்காலம் பூரித்துப்போய் வீடு வந்தார். அவராகவே சொல்வார் என்று முதல் நாள் ராத்திரி முழுக்கக் காத்திருந்து அலுத்த மனைவி, கேக் எப்படி இருந்தது என்று தானே கேட்டாள்.

"நூறு கிராமுக்கு முந்நூத்தி எண்பது."

"ருசி?"

ருசி பார்த்தது எஃகுக் குப்பி மட்டும்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளுக்கும்.

மூன்று நாள் பேச்சில்லை. முதல் நாள், சரியாகிவிடும் என்றிருந்தார். இரண்டாம் நாள் தானே டீ போட்டுக் குடித்தார். வாயில் வைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அடுக்களை வாசலில் போய் நின்றார். "தப்புதான். மிச்சம் இருக்கா?"

அவள் கடைசித் துண்டை எடுத்து நீட்டினாள். காய்ந்து விறகாகியிருந்தது. தொண்டையில் சிக்கி, கண்ணில் நீர் வர இருமி, இதைப்போல ஒன்றைத் தின்றதே இல்லை என்றார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. தண்ணீர் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏங்க, நான் அன்னிக்கே மூணு துண்டு சாப்பிட்டேன். எவ்வளவு ஆகும்?" என்றாள்.

கணக்கு அவர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தண்ணீரோடு சேர்த்து விழுங்கினார்.

"தெரியலையேம்மா."

நீங்கள் சிரிக்கலாம். நேற்று கடையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படித்து, அநியாயம் என்று முணுமுணுத்துவிட்டு, இரண்டாக வாங்கிப் போனது யாராம்?