பக்கத்தில் ஒரு பெரிய டாக்டர்

"நான் தனியா வைத்தியம் பார்க்கக் கூடாதுங்க. சட்டம்!" என்று நாலாவது முறையாகக் கெஞ்சினான் தீனதயாளன்.

எதிரே காய்ச்சலோடு குந்தியிருந்த செல்லமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்க டாக்டரு இல்லியா?"

"டாக்டர்தாங்க. ஆனா தற்காலிகப் பதிவு. பெரிய டாக்டர் பக்கத்துல இருந்தாத்தான் நான் டாக்டர்."

பெரிய டாக்டர் சின்னதுரை முந்தாநாள் கள்ளக்குறிச்சியில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனவர் திரும்பவில்லை. அதற்குள் இடஒதுக்கீட்டுப் போராட்டம் மூண்டு, கீழே சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டு மறித்துவிட்டார்கள். பஸ்ஸும் இல்லை, ஜீப்பும் இல்லை. தீனதயாளன் இந்த மலை ஆஸ்பத்திரிக்கு வந்தே ஒரு வாரம்தான். சட்டத்தை மீறிப் பதிவு பறிபோனால், சொந்த ஊர் நைனார்பாளையம் முழுக்க "எம் மவன் டாக்டரு" என்று சொல்லிக்கொண்டு திரியும் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? பாவம், அவன் பயம் அவனுக்கு.

"நாளைக்கு வாங்க" என்றான். யாரும் அசையவில்லை. வாசலில் கூட்டத்தைப் பார்த்து, ஏதோ விசேஷம் என்று இன்னும் பலர் வந்து உட்கார்ந்தார்கள்.

நர்ஸ் ராணியம்மாள் யோசனை சொன்னாள். "பெரிய டாக்டர் கோட்டு ஆணியில தொங்குது சார். அத்த மாட்டிக்கினு அவரு நாற்காலியில குந்தி ஒரு அதட்டல் போடுங்க. கலைஞ்சிடுவாங்க."

மாட்டினான். கோட்டு முழங்காலைத் தொட்டது; மார்பில் சின்னதுரையின் பெயர் தைத்திருந்தது. அதட்டினான். பெரிய டாக்டரே வந்துவிட்டதாக எண்ணி ஜனங்கள் வரிசை கட்டி நின்றார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு ஊர் மூப்பர் சடையன் வந்து சேர்ந்தார். "பெரியவங்க பக்கத்துல இல்லாம கை வைக்கக் கூடாது. அவ்ளோதான? எங்க ஊரு வழக்கமும் அதான். பொண்ணு பாக்கறதோ, தெனை அறுக்கறதோ, நான் குந்தினாத்தான் நடக்கும்" என்று ஸ்டூலை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "ம், ஆரம்பிங்க."

"மூப்பரே, பெரியவங்கன்னா டாக்டரா இருக்கணும்!"

அந்த நேரம் பார்த்து ஆயம்மாளைத் தூளியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைப்பிரசவம். முந்தின நாளிலிருந்து வலி.

தீனதயாளன் சாலைப் பக்கம் எட்டிப் பார்த்தான். கீழே அனுப்ப வழியில்லை. பிரசவங்கள் பார்த்திருக்கிறான், ஆனால் எப்போதும் பக்கத்தில் ஒரு பெரிய டாக்டர் நின்றிருந்தார்.

"ஒரு டாக்டரு வேணும். அவ்ளோதான?" சடையன் எழுந்து நின்று ஆட்களை விரட்டினார். "மரத்துக்கு அந்தாண்ட எந்த டாக்டரு மாட்டிக்கினு இருந்தாலும் தூக்கியாங்கடா!"

நிஜமாகவே தூக்கி வந்தார்கள். வேட்டியெல்லாம் சேறு, பளபளக்கும் வழுக்கை, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். முப்பது வருட அனுபவம் அந்த வழுக்கையிலேயே தெரிந்தது. தீனதயாளனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சார், பக்கத்துல நில்லுங்க. அது போதும்."

"உத்தரவு சார்" என்றார் அவர். இவ்வளவு பெரிய மனிதருக்கு என்ன பணிவு என்று உருகிப் போனான் தீனதயாளன்.

தலை தெரிந்தது. "கழுத்துல கொடி சுத்தியிருக்கு. இப்ப என்ன பண்ணலாம் சார்?"

"மெதுவா விரலை விட்டுத் தளர்த்தித் தலைக்கு மேல எடுத்துடணும் சார்." பாடம் ஒப்பிப்பதுபோல் அவ்வளவு தெளிவு.

எடுத்தான். குழந்தை வெளியே வந்தது. அழவில்லை.

"அழலையே சார்!"

"வாயைத் துடைச்சு, முதுகைத் தேய்க்கணும் சார்!"

தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான். 'ங்ஙே' என்று ஒரு குரல் எழுந்தது, மலையே கேட்கும்படி. ஆயம்மாள் சிரித்தாள். தீனதயாளன் அழுதான், வெட்கப்படாமல் அழுதான்.

"நான் குந்தினது வீண் போவல" என்று மீசையைத் தடவினார் வெளியே காத்திருந்த சடையன்.

தீனதயாளன் வழுக்கைத் தலையரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டான். "சார், நீங்க மட்டும் பக்கத்துல இல்லாட்டி நான் தொட்டே இருக்க மாட்டேன்."

அவர் கூச்சத்தோடு நெளிந்தார். "என்னைப் போய் சார்ங்கறீங்களே! பதினஞ்சு வருஷம் பரீட்சை எழுதி, இப்பத்தான் பாஸாகித் தற்காலிகப் பதிவு வாங்கியிருக்கேன். உங்க மேற்பார்வையில வேலை கத்துக்கன்னு என்னை இங்க போட்டிருக்காங்க. டாக்டர் சின்னதுரை நீங்கதானே சார்?"